கார்டு போட்ட பிறகு கணினி மெதுவானது ஏன்? ஒரு வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் ஆய்வு

கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்தினால் விளையாட்டு வேகமாக ஓடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கணினியில் நேர்மாறாக நடந்தது. கார்டு உள்ளே போனதும் விளையாட்டு முன்னைவிடத் திணறியது. இணையத்தில் சாதாரண வீடியோ பார்த்தாலே விசிறி இரைய ஆரம்பித்தது. கணினி என் அக்கா வீட்டுடையது. ஏன் அப்படி ஆனது, எதை மாற்றியபோது சரியானது, கடைசியில் தனிக் கார்டு தேவைப்பட்டதா என்பதை முழுமையாக எழுதிவைக்கிறேன். இதே குழப்பத்தில் பல வீடுகளில் தேவையில்லாத கார்டுக்குப் பணம் போகிறது. தேவைப்படுகிற வீட்டில் தவறான கார்டு வாங்கப்படுகிறது. இரண்டுமே எனக்கு வருத்தம் தருபவை.

கணினியும் புகாரும்

பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 திரெட். அதே சில்லுக்குள் 7 கணக்கீட்டு அலகுகள் கொண்ட வேகா கிராபிக்ஸும் இருக்கிறது. 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரே குச்சியாக. என்விஎம்இ எஸ்எஸ்டி, 1080பி மானிட்டர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). வீட்டு உபயோகத்துக்கு நல்ல கணினி என்றே யாரும் சொல்வார்கள்.

மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். அத்தானுக்குக் கணக்கு வழக்கும் வீடியோ அழைப்பும். அவரிடமிருந்து புகாரே இல்லை. அக்கா தன் பாட வகுப்புகளை மொபைலில் படம்பிடித்து இதில் தொகுக்கிறார். டைம்லைனை நகர்த்தினால் படம் உறைந்து உறைந்து வருகிறது என்பது அவர் குறை. அக்கா மகன் ஒரு கார் பந்தய விளையாட்டு ஆடுகிறான், கூடவே பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யக் கற்றுக்கொள்கிறான். விளையாட்டில் வளைவு திரும்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி நின்றுவிட்டு வருகிறது.

"மாமா, ஆன்போர்டு கிராபிக்ஸ்னாலதான் இப்படி. ஒரு நல்ல கார்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது அவன் கட்சி. நான் போவதற்கு முன்பே அவன் இரண்டு காரியங்கள் செய்திருந்தான். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வன்பொருளை அமைக்கும் இடம்) போய், கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கும் ரேமின் அளவை 2 ஜிபியாக உயர்த்தியிருந்தான். அது போதாதென்று தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 2 ஜிபி பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தியிருந்தான். கார்டு பொருத்திய பிறகுதான் நிலைமை மோசமானது. "அப்போ இதைவிடப் பெரிய கார்டு வேணும்னு அர்த்தம்" என்று முடிவுக்கும் வந்திருந்தான்.

இரவல் கார்டு

முதலில் கார்டைக் கழற்றி அதன் விவரத்தைப் பார்த்தேன். 2 ஜிபி என்பது உண்மைதான். ஆனால் அது டிடிஆர்3 நினைவகம், 64 பிட் பாதை. நொடிக்கு 1800 மில்லியன் பரிமாற்றம், ஒவ்வொன்றிலும் 8 பைட். பெருக்கினால் நொடிக்கு 14.4 ஜிபி. அதாவது அந்தக் கார்டின் கிராபிக்ஸ் சில்லு தன் சொந்த நினைவகத்திலிருந்து ஒரு நொடியில் அதிகபட்சம் அவ்வளவுதான் எடுக்கவோ வைக்கவோ முடியும். 5600ஜி தன் ஒற்றைக் குச்சி ரேமிலிருந்தே இதைவிட அதிகம் எடுக்கும். கணக்குப் போடும் திறனிலும் வேகாதான் மேலே. ஆக, இருந்ததை ஓரங்கட்டிவிட்டு அதைவிட மெதுவான ஒன்றிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

விசிறி இரைச்சலுக்கும் அதே கார்டுதான் காரணம். யூடியூப் போன்ற வீடியோ தளங்கள் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்கிய வடிவங்களில் படத்தை அனுப்புகின்றன. அந்தப் பழைய கார்டில் விபி9-ஐப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. 5600ஜியின் வேகாவில் உண்டு. மானிட்டர் கேபிள் கார்டுக்கு மாறிய பிறகு, அந்த வேலை முழுவதும் பிராசசர் கோர்களின் தலையில் விழுந்தது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) பக்கத்தைத் திறந்து வீடியோவை ஓட்டினால் 'வீடியோ டிகோட்' வரைபடம் தரையோடு படுத்திருந்தது, சிபியு வரைபடம் ஏறியது. கேபிளை மதர்போர்டுக்கு மாற்றி அதே வீடியோவை ஓட்டியதும் இரண்டும் இடம் மாறின. வீட்டில் யாருக்காவது கார்டு பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். விண்டோஸ் 10-இல் 2017 முதலே இது இருக்கிறது, தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

கார்டின் பலத்தை ஜிபி கணக்கில் அளக்கும் பழக்கம்தான் பலரை ஏமாற்றுகிறது. எவ்வளவு நினைவகம் என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு வேகமாகக் கைக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. என்விடியாவின் ஜிடி 1030 இதற்கு நல்ல சான்று. 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி. இரண்டிலும் 2 ஜிபிதான், பெயரும் ஒன்றுதான், வேகம் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு?

கார்டைக் கழற்றியாயிற்று. ஆனால் பழைய திணறல் அப்படியேதான் இருக்கிறது. இங்கேதான் இந்த ஆய்வின் மையம்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. ரேம் வேகம் 2666, அதாவது நொடிக்கு அத்தனை மில்லியன் பரிமாற்றம். நான்கு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் பயன்பாட்டில். வன்பொருளுக்காக ஒதுக்கப்பட்டது 2 ஜிபிக்குச் சற்று மேல். குச்சியின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் 3200 என்று இருந்தது. ரேமை லேபிளில் உள்ள வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் யாரும் இயக்கவில்லை, அதனால் குச்சி பாதுகாப்பான குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

2666-ஐ 8 பைட்டால் பெருக்கினால் நொடிக்கு 21.3 ஜிபி. விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓட வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 355 மெகாபைட் அளவு போக்குவரத்து. அதுவும் ஏட்டளவில், நடைமுறையில் இன்னும் குறைவு.

அது போதாதா என்று கேட்கலாம். 1080பி திரையின் ஒரு முழுப் படம் 8.3 மெகாபைட்தானே? மேசைத்திரையைக் காட்டுவதற்கு அது போதும். நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்க அரை ஜிபி கூட ஆகாது. அத்தானுடைய கணக்கு வழக்குக்கு ஒரு நாளும் பிரச்சினை வராததற்குக் காரணம் இதுதான். முப்பரிமாண விளையாட்டில் அந்தப் படத்தை உருவாக்குவதுதான் செலவு. ஒவ்வொரு பொருளுக்கும் டெக்ஸ்சரை, அதாவது அதன் மேற்பரப்புப் படத்தை, படிக்க வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்பதற்கான ஆழத் தகவலைப் படித்து, எழுத வேண்டும். ஒரே புள்ளியின் மேல் சாலை, நிழல், புகை, கண்ணாடிப் பிரதிபலிப்பு என்று திரும்பத் திரும்ப வண்ணம் ஏறும். கடைசியில் முழுப் படத்தையும் மறுபடி எடுத்து மங்கல், ஒளிர்வு எல்லாம் சேர்க்க வேண்டும். 8 மெகாபைட் படம் நூற்றுக்கணக்கான மெகாபைட் போக்குவரத்தாக ஆவது இப்படித்தான்.

இதில் இன்னொரு பங்காளியும் உண்டு. உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு, அதாவது பையன் ஆன்போர்டு என்று சொன்னதற்கு, சொந்த நினைவகம் கிடையாது. பிராசசரின் கோர்களும் கிராபிக்ஸும் அதே ரேமை அதே வழியாகத்தான் எடுக்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டு வீடுகள் தண்ணீர் பிடிப்பது மாதிரி, ஒருவர் முழுதாகத் திறந்தால் மற்றவருக்கு ஒழுக்கு குறையும். பந்தயக் காரின் இயற்பியலை பிராசசர் கணக்கிடும் நேரம்தான் கிராபிக்ஸுக்கும் அதிகத் தேவை வரும் நேரம். வளைவில் திணறியதற்கு இது ஒரு காரணம்.

தனிக் கார்டின் உண்மையான பலம் என்னவென்று இப்போது புரியும். அதற்குச் சொந்த நினைவகம், சொந்தப் பாதை. ஜிடிஎக்ஸ் 1650 என்ற சாதாரணக் கார்டுக்கே ஜிடிடிஆர்5-இல் நொடிக்கு 128 ஜிபி. ஒரு ஃபிரேமுக்கு 2.1 ஜிபி, பங்குக்கு யாரும் வருவதில்லை.

அதே சமயம், உள்ளிணைந்தது என்றாலே பலவீனம் என்று விதி எதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் 5-இல் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில்தான் இருக்கின்றன. தனிக் கார்டே கிடையாது. ஆனால் அதற்கு 16 ஜிபி ஜிடிடிஆர்6 நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்து, நொடிக்கு 448 ஜிபி வரும்படி செய்திருக்கிறார்கள். ஒரே சில்லில் இருப்பது அதை முடக்கவில்லை. வீட்டுக் கணினியில் ரேமை ஸ்லாட்டில் செருகுகிறோம், ரேமுக்குப் போகும் 64 பிட் பாதைகள், அதாவது சேனல்கள், இரண்டுதான், அதனால்தான் நெருக்கடி.

ஆன்போர்டு என்றாலே ஏளனமாகப் பேசும் வழக்கம் வேறொரு காலத்தில் வந்தது. 1999-இல் வந்த இன்டெல் 810 போன்றவற்றில் கிராபிக்ஸ் மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது, பிராசசரில் இல்லை. 2010-இல் இன்டெல் அதைப் பிராசசர் உறைக்குள் கொண்டுவந்தது, 2011-இல் சாண்டி பிரிட்ஜில் ஒரே சில்லாக்கியது. ஏஎம்டியும் அதே ஆண்டு அந்த வழிக்கு வந்தது. சில்லு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ரேம் வழி மட்டும் பல வீடுகளில் பாதி அடைபட்டே கிடக்கிறது, ஏனென்றால் ஒரு சேனலை மட்டும் பயன்படுத்தும் ஒற்றைக் குச்சியோடு கணினி வந்துசேர்கிறது.

செய்த மாற்றங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விளையாட்டில் அதே தடத்தை, அதே குறைந்த அமைப்பில், 1080பி-இல் ஓட்டச் சொன்னேன்.

முதலில் பயாஸில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய 2 ஜிபியை 'ஆட்டோ'வுக்குத் திருப்பினேன். சராசரி ஃபிரேம் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு நொடி உறைந்து நிற்பது கணிசமாகக் குறைந்தது. 8 ஜிபியில் 2 ஜிபியைப் பூட்டிவைத்தால் விண்டோஸுக்கும் விளையாட்டுக்கும் பிரவுசருக்கும் சேர்த்து 6 ஜிபிகூட மிஞ்சாது. மிஞ்சாததை எஸ்எஸ்டியில் எழுதிப் படிக்கும்போதுதான் அந்த உறைச்சல். எவ்வளவு ஒதுக்கினாலும் ரேமின் வேகம் கூடப்போவதில்லை. தேவைப்பட்டால் கிராபிக்ஸ் பொது ரேமிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்ட் ஜிபியு மெமரி' என்று தெரிவது அதுதான். குறைந்தபட்ச அளவு இருந்தால்தான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும் சில விளையாட்டுகளுக்கு மட்டும் இந்த ஒதுக்கீடு உதவும்.

அடுத்து எக்ஸ்எம்பி. ரேம் 3200-க்கு வந்தது, வேகம் 25.6 ஜிபி ஆனது. விளையாட்டில் கொஞ்சம் ஏற்றம், கவனித்தால் தெரியும் அளவு.

பிறகு அதே வகையில் இன்னொரு 8 ஜிபி குச்சி. இதில் இரண்டு பலன்கள் கலந்துவரும்: கொள்ளளவு இரட்டிப்பு, சேனல் இரட்டிப்பு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதனால் இரண்டு குச்சிகளையும் வேண்டுமென்றே ஒரே சேனலைச் சேர்ந்த அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் செருகினேன். ரேம் 16 ஜிபி, ஆனால் இன்னும் ஒற்றைச் சேனல். அக்காவின் தொகுப்பு மென்பொருள் உடனே சீரானது, பிரவுசரைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்ய முடிந்தது. விளையாட்டில் உறைச்சல் அடியோடு நின்றது. ஆனால் ஃபிரேம் வேகம் நொடிக்கு முப்பதை ஒட்டித்தான் தள்ளாடியது.

அப்புறம் ஒரு குச்சியை மட்டும் மற்ற சேனலுக்கு மாற்றினேன். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும், நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இதுவே சரியான ஜோடி. அதே ரேம், அதே 16 ஜிபி, அதே 3200. இப்போது வேகம் நொடிக்கு 51.2 ஜிபி. விளையாட்டு ஐம்பதை ஒட்டி ஓடியது, வளைவுகளிலும் நாற்பதுக்குக் கீழே அபூர்வமாகத்தான் போனது. பையன் ஒன்றும் பேசவில்லை, இன்னொரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

ஒரு குச்சி ஸ்லாட் மாறியதில் கிடைத்த பலன் அது. புதிய சில்லு எதுவும் வரவில்லை. உள்ளிணைந்த கிராபிக்ஸை நம்பி கணினி வாங்கும் யாருக்கும், 16 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சிகளே மேல் என்று தயங்காமல் சொல்வேன். தனிக் கார்டு உள்ள கணினியில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அங்கே கிராபிக்ஸ் அந்தப் பாதையை நம்பி இல்லை.

இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் திரைத் தெளிவைக் குறைக்கலாம். 1080பி-இல் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 720பி-இல் 9.2 லட்சம். விளையாட்டை இடைப்பட்ட தெளிவில் ஓட்டி, எஃப்எஸ்ஆர் போன்ற வசதியால் பெரிதாக்கிக் காட்டுவது இந்த மாதிரிக் கணினிக்கு நல்ல சமரசம்.

மிச்சமிருந்த தேவை

அக்காவுக்குத் தனிக் கார்டு தேவையில்லை என்பது இத்தோடு முடிவானது. அவருடைய மொபைல் பதிவுகள் எச்.265 வடிவத்தில் இருக்கின்றன, வேகாவின் டிகோடர் அதைச் சமாளிக்கிறது. வெட்டி ஒட்டுவது, தலைப்பு போடுவது, ஒலியைச் சரிசெய்வது எல்லாம் நடக்கிறது. 4கே பதிவுகளுக்கு மட்டும் சிறிய அளவு நகலை வைத்துத் தொகுக்கும் புராக்சி முறையைச் சொல்லிக்கொடுத்தேன்.

பிளெண்டர் விஷயம் வேறு. கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது ஒரு பெட்டி, ஒரு விளக்கு என்று இருந்தது. பிறகு அறை முழுக்கப் பொருட்கள், கண்ணாடி, அசைவு. படத்தை உருவாக்கும் அதன் சைக்கிள்ஸ் முறை ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து கணக்கிடுவது. ஆறு கோர்களில் ஒரு அசைவுப் படத்தை முடிக்க ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட வேண்டியிருந்தது. இந்த வேலைக்குத் தனிக் கார்டுதான் சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. சிறுசிறு கணக்கீட்டுக் கோர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும், காட்சி முழுவதும் கார்டின் சொந்த நினைவகத்தில் அடங்க வேண்டும். பையன் இதை விடாமல் செய்கிறான் என்று உறுதியான பிறகு, நானே கார்டு வாங்கச் சொன்னேன்.

தேர்ந்தெடுத்தது ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அங்கேயும் அதே பொறி காத்திருந்தது. "மாமா, இதே 3060, 8 ஜிபி, விலை கம்மியா இருக்கு. 12 எதுக்கு, 8 போதாதா?" என்று கேட்டான். 4 ஜிபி குறைவு என்பதோடு அது நிற்கவில்லை. 12 ஜிபி கார்டில் நினைவகப் பாதை 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 2022-இல் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டில் 128 பிட், 240 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு பாதை போய்விட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. இந்தமுறை நான் சொல்வதற்குள் அவனே 'மெமரி பஸ்' என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டான்.

5600ஜியில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். கார்டையும் பிராசசரையும் இணைக்கும் பாதையில் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே தரும். 16 வழிகள் உள்ள கார்டுக்கு அது தாராளம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 வழிகள் மட்டும் உள்ள கார்டு, 4.0-க்காகவே வடிவமைக்கப்பட்டது. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பிவழிந்து ரேமிலிருந்து எடுக்க ஆரம்பித்ததும், 3.0 கணினியில் பாதை பாதியாகி வேகம் நன்றாகவே சரியும்.

மின்சாரம்தான் கடைசித் தடை. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். 1650 போன்றவற்றின் பல மாதிரிகள் அதற்குள் அடங்கும், தனி மின்கேபிளே வேண்டாம். 3060 எடுப்பது 170 வாட். அதற்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். வீட்டில் இருந்தது 450, கார்டுக்கான 8 பின் இணைப்பும் அதில் இல்லை. மாற்றி வேறு இணைப்பு போட்டுச் சமாளிக்கலாம் என்று அத்தான் கேட்டார். இரவு முழுக்க முழுச் சுமையில் ஓடப்போகிற கணினி, அதில் சமாளிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றப்பட்டது. கேபினெட்டின் உள்நீளத்தைக் கார்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இடம் இருந்தது.

பொருத்திய அன்றே போன் வந்தது. "திரையில ஒண்ணுமே வரல மாமா." மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே இருந்தது. கார்டைக் கண்டதும் அந்த போர்டு உள்ளிணைந்த கிராபிக்ஸை நிறுத்திவிடுகிறது. சில போர்டுகளில் படம் வந்துவிடும், அது இன்னும் சிக்கல், ஏனென்றால் வேலை எந்தச் சில்லில் நடக்கிறது என்று தெரியாமலேயே பலர் நாட்களை ஓட்டிவிடுகிறார்கள். கேபிளைக் கார்டின் போர்ட்டுக்கு மாற்றினான், படம் வந்தது. பிளெண்டரின் அமைப்புகளில், என்விடியா கார்டிடம் வேலையைக் கொடுக்கும் ஆப்டிக்ஸை இயக்கி, ரெண்டர் பகுதியில் சாதனமாக ஜிபியுவைக் குறிக்கச் சொன்னேன். இதைச் செய்யாவிட்டால் கார்டு சும்மா இருக்க, பிராசசரே வேலையைத் தொடரும்.

பயாஸில் உள்ளிணைந்த கிராபிக்ஸை மறுபடி இயக்கி, அக்காவுடைய இரண்டாவது மானிட்டரை மதர்போர்டில் இணைத்திருக்கிறோம். அவர் டைம்லைனை ஒரு திரையிலும் படத்தை இன்னொன்றிலும் வைத்துக்கொள்கிறார். வேகாவில் இல்லாத ஏவி1 டிகோடரும் புதிய கார்டில் இருப்பதால், அந்த வடிவத்தில் வரும் வீடியோக்களின் சுமையும் பிராசசரை விட்டு இறங்கிவிட்டது.